வன்னியில் கட்டும் வீட்டுக்கு பேஸ்மென்ட் வைக்கலாமா? ஈரம், பூஞ்சணம் வருமா?

கேள்வியின் சுருக்கம்: கிளிநொச்சியில் வீடு கட்டுகிறீர்கள். கனடாவில் இருக்கும் அண்ணா, நெல்லும் சாமானும் வைக்க நிலத்துக்குக் கீழே ஓர் அறை எடுக்கச் சொல்கிறார்.

வேண்டாம். அப்படி ஒன்றைக் கட்டி அனுபவித்தவன் என்பதால் சொல்கிறேன்.

முதலில் மார்கழியில் உங்கள் வளவுக் கிணற்றை எட்டிப் பாருங்கள். தண்ணீர் எவ்வளவு கீழே நிற்கிறதோ அவ்வளவுதான் நீங்கள் தோண்டக்கூடிய ஆழம். அதற்குக் கீழே போனால் அது அறை இல்லை, கூரை போட்ட கிணறு. வட்டக்கச்சிப் பக்கம் எங்கள் கிணறு மாரியில் கையால் அள்ளும் அளவுக்கு வரும். சிறுபோகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் விட்டால் வெயில் காலத்திலும் ஏறும். யுத்த காலத்தில் பங்கர் வெட்டி, மாரி இரவுகளில் வாளியால் இறைத்த ஆட்களுக்கு இது புதுக் கதை இல்லை. எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் வீடு கட்டும்போது மனிதனுக்கு வேறு ஒரு மூளை வந்துவிடுகிறது.

வளவு பின்பக்கம் சரிவு என்பதால் 2016இல் பத்துக்குப் பன்னிரண்டு அடியில், மூன்றடி கீழே இறக்கி ஒரு ஸ்டோர் அறை எடுத்தேன். உட்பக்கம் வாட்டர்புரூஃப் கலந்து பூசினோம். முதல் மாரியிலேயே நிலமும் சுவரும் சேரும் மூலையால் நீர் கசிந்தது. மேசன் மேலே இன்னொரு பூச்சுப் பூசினார், அது பொருமிக் கழன்றது. வெளியே தண்ணீர் ஒரு மீற்றர் உயரத்துக்கு நின்றால் அறையின் தரையை, சதுர மீற்றருக்கு ஒரு தொன் கணக்கில் கீழிருந்து தள்ளும். உட்பக்கப் பூச்சு அதற்கு என்ன செய்யும்? மூலையில் குழி வெட்டி மோட்டர் வைத்தேன். 2018 மார்கழி வெள்ளத்தில் கரண்டும் போக, முழங்காலளவு தண்ணீரில் நெல் மூட்டைகள் நின்றன.

வெள்ளம் வடிந்த பிறகுதான் உண்மையான தொல்லை. சுவரில் உப்புப் பூத்தது. சாக்குகளைத் தட்டினால் பச்சையும் கறுப்புமாகத் தூள் பறந்தது. அந்த வாடை மற்ற அறைகளுக்கும் வந்து, அம்மாவுக்கு மூச்சு முட்டு கூடியது. காய வைப்போம் என்று சிரட்டைக் கரியை ஒரு சட்டியில் மூட்டி உள்ளே வைத்தேன். அரை மணித்தியாலத்தில் தலையிடி. கதவு திறந்திருந்ததால் தப்பினேன். கரி நெருப்பில் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை, மூடிய அறையில் ஆளைக் கொன்றுவிடும். இதை மட்டும் யாரும் செய்து பார்க்காதீர்கள்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு சுகமான வழி இருக்கிறது. இரண்டடிச் சதுரப் பொலித்தீனைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். நீர்த்துளி பொலித்தீனின் அடியில் கோர்த்தால் ஈரம் நிலத்திலிருந்து வருகிறது. மேலே கோர்த்தால் காற்றில் உள்ள ஈரம். எனக்கு அடியில், முத்து முத்தாக.

ஏற்கனவே இப்படி அறை வைத்திருப்பவர்கள் கூரைப் பீலியின் தண்ணீரைச் சுவரிலிருந்து ஆறடியாவது தள்ளி விடுங்கள். அதிலேயே ஈரம் ஓரளவு குறையும். மழை நாளில் யன்னலைத் திறப்பதால் பயனில்லை, வெளிக்காற்றுத்தான் அதிக ஈரம். சோளகக் காற்று வீசும் காய்ந்த மாதங்களில் நன்றாகத் திறந்து விடுங்கள். ஈரப்பதன் மானி ஒன்று வாங்கி, 60 வீதத்துக்குக் கீழே வைக்கப் பாருங்கள். பூஞ்சணத்தை உலரத் தட்டாமல், மூக்கைக் கட்டிக்கொண்டு சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். பூஞ்சணம் பிடித்த காட்போட் பெட்டியை எறிய வேண்டியதுதான்.

கனடாவில் மட்டும் எப்படி என்று அண்ணா கேட்பார். ரொறன்ரோ பக்கம் பனியில் மண் உறைவதால் அத்திவாரத்தையே நாலடிக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். அவ்வளவு தோண்டிய பிறகு இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஓர் அறை கிடைக்கிறது. சுற்றிவர வடிகுழாய், குழியில் பம்ப், கோடையில் ஈரம் உறிஞ்சும் மெசின் என்று அதற்கும் செலவுதான். இங்கே உறைபனியும் இல்லை, கரண்டுக்கு நம்பிக்கையும் இல்லை.

அந்தக் காசை மேல்நோக்கிப் போடுங்கள். அத்திவாரத்தை 2018 வெள்ளம் நின்ற மட்டத்துக்கு மேலே எழுப்பி, சுவர் தொடங்கும் இடத்தில் மேசனிடம் டிபிசி (நிலத்து ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் படை) கட்டாயம் போடச் சொல்லுங்கள். தரைக் கொங்கிறீட்டுக்கு அடியில் தடித்த பொலித்தீன் விரியுங்கள். நெல்லை 14 வீத ஈரத்துக்குக் காயவைத்து, பலகை மேல், சுவரில் முட்டாமல் அடுக்கினால் நிலத்துக்கு மேலே உள்ள சாதாரண ஸ்டோரே போதும்.

என் அறையைப் போன வருடம் நாலு கியூப் கிரவல் போட்டு நிரப்பிவிட்டேன். இப்போது அதன் மேல் மோட்டார் சைக்கிள் நிற்கிறது.