வாசகர் கேள்வி – பதில்: அப்பாவின் பேட்டரிக் கணக்கு

கேள்வி: கைப்பேசியின் பேட்டரி முழுவதும் தீர்ந்து அது தானாக அணைந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும், பாதியில் போட்டால் பேட்டரி கெட்டுவிடும் என்று என் அப்பா பிடிவாதம் பிடிக்கிறார். எதிர்த்துச் சொன்னால் வீட்டில் சண்டை வருகிறது. யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் கைப்பேசியைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதே சரி. ஆனால், உங்கள் அப்பா தவறாகக் கற்றவர் அல்லர். அவர் கற்ற காலத்துப் பேட்டரி வேறு. கம்பியில்லாத் தொலைபேசிகளிலும் சவரக் கருவிகளிலும் தொடக்ககாலக் கைப்பேசிகளிலும் நிக்கல்–காட்மியம் பேட்டரிகள் இருந்தன. ஒவ்வொரு முறையும் பாதி தீர்ந்ததுமே மின்னேற்றிக்கொண்டு வந்தால், அந்தப் பாதியையே தன் முழு அளவென்று பழகிக்கொண்டதைப் போல, அவற்றுள் சில சீக்கிரமே சோர்ந்துவிடும். இதற்கு 'நினைவு விளைவு' என்றே பெயர். அவ்வப்போது முழுவதும் தீர்த்துவிட்டு ஏற்றுங்கள் என்பது அன்றைக்கு நல்ல ஆலோசனைதான்.

1991-இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு கதை மாறிவிட்டது. இதற்கு அந்த நினைவு நோய் கிடையாது. மாறாக, அடிக்கடி அடிமட்டம் வரை தீர்த்துவிடுவதுதான் இதைக் களைப்படையச் செய்கிறது. முழுவதும் ஏற்றிய நிலையிலேயே நெடுநேரம் சூட்டில் கிடப்பதும் இதற்கு ஆகாது. 20 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காட்டுக்குள் வைத்துக்கொள்வது நல்லதுதான். அதற்காக நாள் முழுவதும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பவரின் ஆயுள் பேட்டரியைவிட முன்னதாகக் குறையக்கூடும். தலையணைக்கு அடியில் வைத்து மட்டும் சார்ஜ் போடாதீர்கள். வெப்பம் வெளியேற வழியிருக்காது.

அப்பாவிடம் பேச்சைத் தொடங்க ஒரு வழி சொல்கிறேன். இந்தப் பேட்டரிக்காக 2019-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான ஜான் குட்எனஃபுக்கு அப்போது வயது 97. அந்த வயதிலும் அவர் புதிய பேட்டரிகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டுதான் இருந்தார். 'நீங்கள் சொல்வது தவறு' என்பதற்குப் பதிலாக, 'பழைய பேட்டரிக்கு நீங்கள் சொன்னது சரி' என்று ஆரம்பித்துப் பாருங்கள்.

கேள்வி: என் மாமா அனுப்பும் செய்திகள் தந்தி போலவே இருக்கின்றன. 'வந்தேன். நலம். பேசு.' அவ்வளவுதான். கோபமாக இருக்கிறாரோ என்று ஒவ்வொரு முறையும் பயப்படுகிறேன்.

பதில்: கோபம் இருக்க வாய்ப்பில்லை, அவர் குறுஞ்செய்தியில் எழுதப் பழகியவராக இருக்கலாம். 1992 டிசம்பர் 3 அன்று அனுப்பப்பட்ட முதல் குறுஞ்செய்தியே ஓர் எளிய கிறிஸ்துமஸ் வாழ்த்துதான். அந்த அமைப்பில் ஒரு செய்திக்கு ஒதுக்கப்பட்ட இடம் 140 பைட்டுகள், அதாவது 1,120 பிட்டுகள். ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் 7 பிட்டுகளே போதும் என்பதால் அதில் 160 எழுத்துகள் அடங்கின. தமிழ் எழுத்துகளுக்கோ 16 பிட்டுகள் தேவை. ஆகவே 70 குறிகளோடு இடம் முடிந்துவிடும். அதிலும் உயிர்மெய் எழுத்து ஒன்றை இயந்திரம் பெரும்பாலும் இரண்டு குறிகளாக எண்ணும். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்ற சொல் நமக்கு 11 எழுத்துகள். இயந்திரத்துக்கு 21 குறிகள். அந்தச் சொல்லை மூன்று முறை எழுதினாலே இடம் ஏறக்குறைய காலி! இந்த நெருக்கடிக்குள் எழுதிப் பழகிய ஒருவர் 'வந்தேன்' என்று முடிப்பது கஞ்சத்தனமும் அன்று, கோபமும் அன்று.

இப்போதைய செயலிகளில் அந்தக் கட்டுப்பாடு இல்லையே என்பீர்கள். இல்லைதான். ஆனால், கட்டுப்பாடு போன பிறகும் கைக்குப் பழக்கம் போவதில்லை. உங்கள் பங்குக்கு, அவர் எழுதும் மூன்று சொற்களுக்கு ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்பாமல் இருங்கள். அதை அவர் எப்படிப் படிக்கிறாரோ, யாருக்குத் தெரியும்?

கேள்வி: குரல் பதிவில் கேட்கும் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. மற்றவர்களுக்கும் அப்படித்தான் கேட்கிறதா?

பதில்: ஆம், ஏறக்குறைய அப்படித்தான் கேட்கிறது, அவர்கள் அதற்கு என்றோ பழகிவிட்டார்கள். நாம் பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமல்லாமல் மண்டையோட்டு எலும்புகளின் அதிர்வாகவும் உட்செவியை அடைகிறது. எலும்பு கனத்த ஒலிகளை நன்றாகக் கடத்துவதால், நம் காதுக்கு நம் குரல் கொஞ்சம் கம்பீரமாகவே ஒலிக்கும். பதிவில் அந்தப் பங்கு விடுபட்டுப்போகிறது. சிறிய ஒலிபெருக்கி மீதியையும் மெலியச் செய்துவிடுகிறது.

கேள்வி: தொலைக்காட்சி ரிமோட் வேலை செய்யாவிட்டால் முதலில் என்ன பார்க்க வேண்டும்? எங்கள் வீட்டில் முதலில் பார்ப்பது யார் கீழே போட்டார்கள் என்பதைத்தான்.

பதில்: விசாரணையைத் தள்ளிவைத்துவிட்டு, கைப்பேசியின் கேமராவைத் திறந்து, அதன் எதிரே ரிமோட்டின் முனையைக் காட்டி ஒரு பொத்தானை அழுத்துங்கள். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, கேமராவில் வெளிறிய ஊதா நிறத்தில் மினுக்கும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் முன்பக்கக் கேமராவில் பாருங்கள். மினுக்கினால் ரிமோட் நலம், தொலைக்காட்சியைக் கவனியுங்கள். இல்லையென்றால் பேட்டரியை மாற்றுங்கள். 1956-இல் ஜெனித் நிறுவனம் வெளியிட்ட ரிமோட்டில் பேட்டரியே கிடையாது. உள்ளே இருந்த சிறிய சுத்தியல் அலுமினியத் தண்டைத் தட்ட, எழுந்த, மனிதக் காதுக்கு எட்டாத மீயொலியைத் தொலைக்காட்சி கேட்டுக்கொண்டது. அந்த வீடுகளில் யாரும் பேட்டரியைக் குறை சொல்லியிருக்க முடியாது.

கேள்வி: எங்கள் குழந்தையை இரண்டு வயதுக்குள் ஆயிரக்கணக்கில் படம் எடுத்துவிட்டோம். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இதற்கெல்லாம் தொடக்கமே ஒரு குழந்தைதான். 1997 ஜூன் 11 அன்று, மனைவி பிரசவத்துக்காகச் சேர்க்கப்பட்டிருந்த மருத்துவமனையில் உட்கார்ந்தபடியே, பிலிப் கான் என்பவர் ஒரு டிஜிட்டல் கேமராவையும் கைப்பேசியையும் மடிக்கணினியையும் இணைத்து, பிறந்த மகளின் படத்தை ஏறக்குறைய 2,000 பேருக்கு அனுப்பினார். ஒரே படம், பார்த்தவர்கள் 2,000 பேர். உங்கள் வீட்டில் கணக்கு தலைகீழாகிவிட்டது.

எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தப் புறப்படாதீர்கள், யாராலும் முடிவதில்லை. மாதத்துக்கு இரண்டு மூன்று படங்களைத் தேர்ந்து தனியாக வைத்து, அவற்றை மட்டும் வேறோர் இடத்திலும் சேமித்து, முடிந்தால் தாளில் அச்சிட்டும் வையுங்கள். இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. படம் எடுத்த நாளையும் நொடியையும், அனுமதித்தால் இடத்தையும்கூடக் கைப்பேசி குறித்துக்கொள்கிறது. ஆனால், குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் பெரியவர் அதற்கு என்ன உறவு என்பது கைப்பேசிக்குத் தெரியாது. பழைய ஆல்பத்தில் படத்தின் பின்புறம் பேனாவால் எழுதியிருந்தது அதைத்தான். தேர்ந்த படங்களைப் பாட்டியிடம் ஒவ்வொன்றாகக் காட்டி, 'இவர் யார்?' என்று கேட்டு, அவர் சொல்வதைக் குரல் பதிவாக எடுத்துக்கொள்ளுங்கள். தம் குரல் நன்றாக இல்லை என்று அவரும் சொல்வார். அழிக்கச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள்.