ரெவிட் தெரிந்தால் போதாதா, பிம்முக்கு ஒரு முதுகலை எதற்கு?

கேள்வி: பி.இ. சிவில் முடித்து இரண்டு வருடமாக சைட்டில் இருக்கிறேன். இங்கிலாந்தில் கட்டுமான மேலாண்மை எம்எஸ்சி படிக்க ஆசை. அதில் பிம், அதாவது கட்டடத்தைத் தகவல்களோடு கணினியில் மாடலாக்கும் பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங், சேர்ந்த படிப்பை எடுக்கலாமா? மாடல் போடும் ரெவிட் மென்பொருளை இங்கேயே மூன்று மாதத்தில் படித்துவிடலாம், எதற்கு வீண் செலவு என்கிறார்களே?

அந்த "மூன்று மாதத்தில் படித்துவிடலாம்" என்ற வார்த்தைக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். 2018-இல் நான் கிளம்பும்போது என் சித்தப்பாவும் இதையே சொன்னார். அரசு வேலையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "தெருமுனையில சொல்லித் தர்றான், அதுக்கு இருபது லட்சமாடா?" என்றார். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும், ஆனால் அவர் கேட்பதில்லை.

நீங்கள் இருக்கும் நிலையை என்னால் ஊகிக்க முடிகிறது. ராத்திரி பத்து மணிக்கு ஸ்லாப் கான்கிரீட்டை முடித்துவிட்டு, ஏஜென்ட் அனுப்பிய பிடிஎஃப்பை போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அப்பா வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைக்கலாம் என்று சொல்லியிருப்பார். தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான் இருந்தேன்.

ரெவிட் கற்றுக்கொள்வதற்காக என்றால் போகாதீர்கள். உங்களிடம் சொன்னவர்களும் சரி, என் சித்தப்பாவும் சரி, அந்த மட்டில் சொல்வது சரிதான். நான் போனது வேறு காரணத்துக்காக.

2016. சென்னையில் ஒரு மருத்துவமனைக் கட்டடம், பெயர் வேண்டாம். பேஸ்மெண்டில் கார் பார்க்கிங். மேல்மாடிக் கழிவறைகளிலிருந்து வரும் 150 மில்லிமீட்டர் குழாய், பேஸ்மெண்ட் கூரையை ஒட்டி 24 மீட்டர் ஓடி வெளியே மேன்ஹோலில் சேர வேண்டும். வழியில் நான்கு பீம். சரிவு 1:100, அதாவது ஆறு மீட்டருக்கு ஒரு பீம் என்றால் ஒவ்வொரு பீமுக்கும் குழாய் 6 சென்டிமீட்டர் கீழே இறங்கும். பிளம்பிங் டிராயிங்கில் குழாய் ஒரு கோடு, பக்கத்தில் எறும்பு சைஸில் "1:100". ஸ்ட்ரக்சர் டிராயிங்கில் பீம் ஒரு பட்டை. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாலும் எதுவும் உறுத்தாது.

பீமுக்கு அடியில் குழாயை விட்டால் கடைசியில் கார் போக உயரம் போதாது என்று கன்சல்டண்ட் கண்டுபிடித்து, நான்கு பீமுக்குள்ளும் ஸ்லீவ், அதாவது குழாய் நுழைய கான்கிரீட் போடும்போதே விடும் துளை, வைக்கச் சொல்லித் திருத்தம் அனுப்பியிருந்தார். ஒவ்வொரு ஸ்லீவும் முந்தையதைவிட 6 சென்டிமீட்டர் கீழே. அது நான்காவது ரிவிஷன். என் கையில் இருந்தது இரண்டாவது ரிவிஷன். நான் ஸ்லீவ் இல்லாமலே நான்கு பீமையும் போட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து பிளம்பிங் ஆட்கள் வந்தார்கள். யாரிடமும் கேட்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக கோர் கட்டிங் மெஷினை வைத்து முதல் பீமைத் துளைத்துவிட்டார்கள், அதுவும் தூணிலிருந்து ஒரு முழம் தள்ளி. காலையில் நான் போனபோது கான்கிரீட் உருளை ஒன்று தரையில் கிடந்தது. அதன் பக்கவாட்டில், பீமுக்குள் வளையமாகக் கட்டும் ஸ்டிரப் கம்பியின் வெட்டுமுகம் சட்டைப் பொத்தான் அளவுக்குப் பளபளத்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

ஸ்ட்ரக்சர் கன்சல்டண்ட் வந்து பார்த்தார். "நடு ஸ்பானில் ஓட்டை போட்டிருந்தால்கூட யோசித்திருப்பேன், ஷியர் (வெட்டு விசை) அதிகமாக இருக்கும் இடத்தில் போட்டிருக்கிறீர்கள்" என்றார். பீமுக்கு முட்டு கொடுத்து, கார்பன் ஃபைபர் சுற்றி, இன்னும் என்னென்னவோ செய்தார்கள். அந்த வருட இன்கிரிமெண்ட் எனக்கு வரவில்லை. பிறகு ஒருநாள் பழைய மெயில்களைத் தோண்டினேன். நான்காவது ரிவிஷன் அனுப்பிய மெயிலில் என் பெயரே இல்லை. எனக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்து வேலையை விட்டுப் போன என்ஜினியரின் பெயர் இருந்தது.

என் மேல் தப்பே இல்லை என்று சொல்லவில்லை. வார்ப்புக்கு முன்னால் "இதுதான் கடைசி ரிவிஷனா?" என்று ஒரு போன் செய்திருக்கலாம். பின்னூட்டத்தில் யாராவது இதைச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

சரி, படிப்புக்கு வருகிறேன். இங்கிலாந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகம். முதல் பருவத்தில் ரெவிட்டைத் திறந்ததே கொஞ்சம்தான். மூன்றாவது வாரம் என்று நினைக்கிறேன், ஆசிரியர் பலகையில் நான்கு பெட்டி வரைந்தார். வேலையில் இருப்பது, பகிர்ந்தது, வெளியிட்டது, காப்பில் வைத்தது. ஒரு டிராயிங்கோ மாடலோ எந்தப் பெட்டியில் இருக்கிறது, அடுத்த பெட்டிக்கு அனுப்ப யார் கையெழுத்திட வேண்டும், எந்தப் பெட்டியில் இருப்பதை வைத்துக் கட்டலாம், எதை வைத்துக் கட்டக்கூடாது. எல்லாரும் ஒரே இடத்திலிருந்து எடுப்பார்கள், மெயிலில் யார் பெயர் இருக்கிறது என்பது கணக்கிலேயே இல்லை. வகுப்பில் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். நேராகக் கல்லூரியிலிருந்து வந்தவர்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தக் கான்கிரீட் உருளை எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிம் என்றால் முப்பரிமாணப் படம் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு இந்தப் படிப்பு பெரிய ஏமாற்றம். படம் அதில் ஒரு பகுதிதான். கட்டடத்தின் உரிமையாளருக்கு என்ன தகவல் வேண்டும், அதை யார் எந்தக் கட்டத்தில் கொடுக்க வேண்டும் என்று முதலிலேயே எழுதி ஒப்பந்தத்தில் சேர்ப்பதில்தான் பாதிப் பாடம் போகும். இங்கிலாந்தில் இது இவ்வளவு வளர்ந்ததற்குக் காரணம் அரசாங்கம். 2011-இல் கட்டுமானக் கொள்கை அறிக்கை வெளியிட்டு, 2016 ஏப்ரலிலிருந்து மத்திய அரசுத் துறைகள் கட்டும் திட்டங்களுக்கு இரண்டாம் நிலை பிம் (ஒவ்வொரு துறையும் தன் மாடலைப் போட்டு, மற்றவர்களோடு பகிர்ந்துகொள்வது) கட்டாயம் என்றார்கள். பணம் போடுகிறவர் கேட்டால் எல்லாரும் செய்வார்கள். துபாயிலும் அதே கதைதான். நகராட்சி 2014-இலிருந்து 40 மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு பிம் கட்டாயமாக்கி, அப்புறம் அதை 20 மாடிக்கு இறக்கியது. நம் பக்கம் நாக்பூர் மெட்ரோ மாதிரி சில பெரிய திட்டங்களில் பயன்படுத்தினார்கள். சாதாரண அப்பார்ட்மெண்ட் பில்டரிடம் போய்ப் பேசினால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

நடுவில் ஒரு கூத்து. முதல் பருவம் முழுக்க பிஏஎஸ் 1192 என்ற பிம் விதிகளுக்கான பிரிட்டிஷ் ஆவணத்தை மனப்பாடம் செய்தோம். 2018 டிசம்பரில் அதன் இடத்துக்கு வந்த சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 19650-இன் முதல் இரண்டு பாகங்கள் வெளிவந்துவிட்டன. ஜனவரியில் ஆசிரியர் சிரித்துக்கொண்டே பாதி ஸ்லைடை மாற்றிக்கொண்டு வந்தார். "எம்ப்ளாயர்" போய் "அப்பாயிண்டிங் பார்ட்டி" ஆனது. உரிமையாளருக்கு வேண்டிய தகவல்களைச் சொல்லும் ஆவணத்துக்கு இஐஆர் என்ற சுருக்கம் அப்படியே இருக்க, அதில் முதல் எழுத்துக்கான சொல் மட்டும் "எம்ப்ளாயர்ஸ்" என்பதிலிருந்து "எக்ஸ்சேஞ்ச்" என்று மாறியது. ஆகவே ஏஜென்ட் அனுப்பிய பாடத்திட்டத்தில் இன்னும் பிஏஎஸ் 1192 மட்டும்தான் இருக்கிறது என்றால், அந்தத் துறை தூங்குகிறது என்று அர்த்தம்.

இரண்டாம் பருவத்தில் நேவிஸ்வொர்க்ஸ் என்ற மென்பொருளில் கிளாஷ், அதாவது ஒரு மாடல் இன்னொன்றோடு மோதும் இடங்களைப் பார்க்கும் பயிற்சி. ஸ்ட்ரக்சர், ஏசி, பிளம்பிங் மூன்று மாடலையும் சேர்த்து ஓடவிட்டால் மூவாயிரத்துக்கு மேல் மோதல் காட்டியது. என் குழுவில் ஒரு பையன் அத்தனையையும் அறிக்கையில் போடத் தயாராகிவிட்டான். உட்கார்ந்து பார்த்தால் பெரும்பாலும் குழாய் சுவருக்குள் போவது, ஒரே டக்ட் ஒரே பீமோடு இருபது இடத்தில் உரசுவது இந்த ரகம். மேஸ்திரி சுவரைக் கொத்திக் குழாய் விடுவதை மென்பொருள் மோதல் என்கிறது. சைட்டில் நின்றவனுக்கு எது நிஜ மோதல் என்று பார்த்ததும் தெரியும். நாற்பது சொச்சமாக வடிகட்டினோம். சரிவோடு ஓடும் கழிவுநீர்க் குழாயை மட்டும் நான் தனியாகப் பார்த்தேன், சொல்லவும் வேண்டுமா.

என் ஆய்வுக் கட்டுரையில் நான் வாங்கிய அடியையும் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து நண்பன் அனுப்பிய ஒரு பள்ளிக் கட்டடத்தின் டிராயிங்கை வைத்து மாடல் போட்டு, அதிலிருந்து அளவெடுத்து, அவன் ஒப்பந்ததாரருக்குப் போட்ட பில்லோடு ஒப்பிட்டேன். பூச்சு வேலையில் பில்லின் அளவு என் மாடலைவிட நன்றாகவே அதிகம். பிடித்துவிட்டேன் திருடனை என்று ஒரு அத்தியாயமே எழுதினேன். வழிகாட்டி படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "உங்கள் நாட்டில் எந்த அளவீட்டு விதி?"

ஐஎஸ் 1200, கட்டட வேலையை அளக்கும் இந்தியத் தரநிலை. கல்லூரியில் படித்தது, சைட்டில் தினமும் பார்த்தது, மாடலைப் பார்த்த மயக்கத்தில் மறந்துபோனது. பூச்சில் 0.5 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குக் கழிவே கிடையாது. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை இரண்டு பக்கமும் ஒரே பூச்சாக இருந்தால் ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிக்க வேண்டும், ஜன்னல் ஓரங்களைப் பூசுவதற்குத் தனியாகக் காசு கிடையாது. 1.2க்கு 1.5 மீட்டர் ஜன்னல் என்றால் 1.8 சதுர மீட்டர். விதிப்படி கழிப்பது 1.8. மாடல் சுவரையே ஓட்டை போட்டுக்கொள்வதால் இரண்டு பக்கமும் சேர்த்து 3.6 கழிகிறது, ஓரப் பூச்சையும் எண்ணுவதில்லை. நாற்பது ஜன்னலுக்கு 72 சதுர மீட்டர் வித்தியாசம், ஒருவரும் திருடாமலே. நண்பனிடம் மன்னிப்புக் கேட்டேன். அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டு, மாடல் தரும் அளவை நம் விதிக்கு எப்படி மாற்றுவது என்று புதிதாக எழுதினேன். இன்று துபாயில் பிம் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன் என்றால் நேர்காணலில் இந்தக் கதையைச் சொன்னதும் ஒரு காரணம்.

ரெவிட் சொல்லித் தருபவர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சென்னையிலும் கோவையிலும் அமெரிக்காவுக்கும் வளைகுடாவுக்கும் மாடல் போட்டுத் தரும் அலுவலகங்கள் இருக்கின்றன, அங்கே என்னைவிட வேகமாக மாடல் போடும் பிள்ளைகள் ஆயிரம் பேர். அந்த வேலை வேண்டுமென்றால் மூன்று மாதப் பயிற்சி போதும், முதுகலை வேண்டாம். ஆனால் "நூறு சதவீதம் வேலை" என்று போர்டு வைத்திருக்கும் இடத்தில் பணம் கட்டுவதற்கு முன், போன வருடம் படித்த இரண்டு பேரின் போன் நம்பரைக் கேளுங்கள்.

இவ்வளவும் படித்து என்ன மரியாதை என்று கேட்காதீர்கள். ஊரில் 2021-இல் எங்கள் வீட்டைக் கட்டினார்கள். நான் லீவே இல்லாமல் ராத்திரி உட்கார்ந்து முழு வீட்டையும் மாடல் போட்டு அனுப்பினேன். மேஸ்திரி அண்ணன் போனில், "தம்பி, நீங்க கம்ப்யூட்டர்ல பாக்குறவரு, நான் கையில கட்டுறவன்" என்றார். அப்பா வாஸ்துக்காரர் பேச்சைக் கேட்டு மாடிப்படியை மேற்கே தள்ளிவிட்டார். இப்போது படியில் எட்டாவது படி ஏறும்போது லேண்டிங் பீம் நெற்றிக்கு நேராக நிற்கிறது. அங்கே அம்மா ஒரு ஸ்பாஞ்ச் ஒட்டி வைத்திருக்கிறார். அப்பா ஒவ்வொரு முறையும் குனிந்துதான் போகிறார், தப்பு என்று மட்டும் இதுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

சொல்ல வந்தது வேறு. பணக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எனக்குக் கட்டணம், வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்து இருபது லட்சத்தைத் தாண்டியது. நான் படித்து முடித்த சமயத்தில் அங்கே தங்கி வேலை தேட நான்கு மாதம்தான் தந்தார்கள். இரண்டு வருடம் தங்கலாம் என்ற விசா 2021 ஜூலையில்தான் தொடங்கியது, எனக்கு இல்லை. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் இருக்கிறது. இந்த விதியை அடிக்கடி மாற்றுகிறார்கள், ஏஜென்ட் சொல்வதை நம்பாமல் அந்த அரசின் இணையதளத்தில் நீங்களே படியுங்கள்.

முடிந்தால் இன்னும் ஒரு வருடம் சைட்டில் இருந்துவிட்டுப் போங்கள். கம்பி வேலை மட்டும் பார்த்திருந்தால் பிளம்பிங், ஏசி ஆட்களோடு ஒரு ஆறு மாதம் சுற்றுங்கள். பாடத்திட்டத்தில் ஒப்பந்தச் சட்டமும் அளவீடும் இருக்கிறதா என்று பாருங்கள், வெறும் மென்பொருள் பெயர்களாக இருந்தால் விட்டுவிடுங்கள். அப்புறம், குளிருக்கு என்று பாண்டி பஜாரில் ஜாக்கெட் வாங்கிவிடாதீர்கள். நான் நாலாயிரம் கொடுத்து வாங்கியது அக்டோபர் மழைக்கே தாங்கவில்லை.