ஏழு நட்சத்திரமும் ஒரு ஷார்ப்ஷூட்டரும்

வணக்கம் சார்,

விளையாட்டு பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில் "தொழில்முறை மல்யுத்தத்தில் ஆகச்சிறந்த மேட்ச் டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) கம்பெனி வருடந்தோறும் நடத்துகிற ரெஸில்மேனியாவில், 1997இல், பிரெட் ஹார்ட்டும் ஸ்டீவ் ஆஸ்டினும் மோதியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். விளக்கம் எதுவும் இல்லை. அந்த ஒரு வரியை வைத்து எங்கள் வாட்ஸப் குழுவில் அடிதடியே நடந்துவிட்டது.

நாங்கள் டிரம்ப் கார்டு காலத்து ஆட்கள். ரேங்க், உயரம், எடை, பைசெப்ஸ் எல்லாம் மனப்பாடம். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று நம்பி வளர்ந்தவர்கள். எனக்கு 2009இல் அண்டர்டேக்கரும் ஷான் மைக்கேல்ஸும் மோதிய மேட்சுக்கு மேல் ஒன்றும் கிடையாது. குழுவில் ஒரு நண்பர் மேட்சுகளுக்கு மார்க் போடுகிற எழுத்தாளர் டேவ் மெல்ட்சரின் நட்சத்திரக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறார். ஜப்பானில் ஒகாடா - ஒமேகா மோதிய மேட்ச், 2018, ஏழு நட்சத்திரம், பேச்சு முடிந்தது என்கிறார். இன்னொருவர், எல்லாமே பேசி வைத்துக்கொண்டு போடுகிற டூப்புச் சண்டை, இதில் எது ஒசத்தி என்று அடித்துக்கொள்வது வெட்டி வேலை என்கிறார். அவரிடம் நான், "கூத்தில் துரியோதனன் சாகத்தான் போகிறான் என்று தெரிந்துதானே விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறோம்?" என்று கேட்டேன். நான் சொன்னது சரிதானே?

கடைசியாக ஒன்று. என் மனைவி இதுவரை ஒரு மேட்ச்கூட முழுதாகப் பார்த்ததில்லை. ஒன்றே ஒன்று பார்க்கிறேன் என்று சம்மதித்திருக்கிறார். எதைப் போடலாம்?

ஆர்.கே., திருநெல்வேலி

அன்புள்ள ஆர்.கே.,

கூத்து உதாரணம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது. கூத்தில் முடிவு ஆடுபவருக்கும் தெரியும், பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். ரெஸ்லிங்கில் முடிவு தெரிந்தவர்கள் திரைக்குப் பின்னால் ஒரு சிலர்தான். அதைவிடப் பெரிய வித்தியாசம், இங்கே கூட்டம் போடுகிற சத்தத்தைப் பார்த்துக் கதையை மாற்றுவார்கள். துரியோதனனுக்கு ஊரே விசில் அடித்தாலும் மறுநாள் அவன் தர்மனாகிவிட முடியாது. ரெஸ்லிங்கில் முடியும். ஸ்டீவ் ஆஸ்டின் அப்படித்தான் ஆனார், அதுவும் ஒரே மேட்சில். நான் அந்த மேட்சை முதலில் வைப்பதற்குக் காரணமே அதுதான்.

என் அளவுகோலையும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் எந்த மனதோடு உள்ளே வந்தது, எந்த மனதோடு எழுந்து போனது என்று பார்ப்பேன். இடையில் அந்த மனதை மாற்றியது மைக்கில் பேசிய பேச்சா, வளையத்துக்குள் இரண்டு உடம்புகள் செய்த வேலையா என்று பார்ப்பேன். எத்தனை முறை மேல்கயிற்றிலிருந்து குதித்தார்கள் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

1997 மார்ச் 23, சிகாகோவை ஒட்டிய ரோஸ்மாண்ட். ரெஸில்மேனியா 13. முந்தைய நவம்பரில் சர்வைவர் சீரிஸில் பிரெட் ஆஸ்டினை மயிரிழையில் ஜெயித்திருந்தார். ஜனவரியில், கயிற்றுக்கு மேலாக வெளியே விழுபவர் அவுட் ஆகிற ராயல் ரம்பிள் போட்டியில் பிரெட் ஆஸ்டினைக் கயிற்றுக்கு மேலாக வெளியே தூக்கிப் போட்டார், நடுவர்கள் அதைப் பார்க்கவில்லை, ஆஸ்டின் திரும்ப உள்ளே வந்து வெற்றியைத் தட்டிக்கொண்டு போனார். பிப்ரவரியில் பிரெட் சாம்பியன் ஆனார், மறுநாள் இரவே ஆஸ்டின் குறுக்கே புகுந்ததால் சிட் என்கிற வீரரிடம் பட்டத்தைத் தோற்றார். நியாயம் முழுக்க பிரெட் பக்கம். ஆனால் அவர் வாராவாரம் வந்து "என்னை ஏமாற்றிவிட்டார்கள்" என்று சொல்லச் சொல்ல, கேட்பவர்களுக்குச் சலிப்புத் தட்ட ஆரம்பித்தது. மேட்சுக்கு ஆறு நாள் முன்பு, அப்போது வர்ணனையாளராக மட்டுமே திரையில் தெரிந்த கம்பெனி முதலாளி வின்ஸ் மக்மேனைப் பிடித்துத் தள்ளிவிட்டு, நேரலையில் கெட்ட வார்த்தையும் பேசினார். முன்வரிசைச் சிறுவனைத் தேடிப் போய்த் தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சண்டைக்கு வருகிற மனிதர் அவர். அந்த பிரெட்!

மறுபக்கம் ஆஸ்டின். வெறும் கறுப்பு ட்ரங்க், மொட்டைத் தலை, வாயைத் திறந்தால் வசவு. வில்லன்தான். ஆனால் அவருக்குக் கைதட்டல் கூடிக்கொண்டே போனது. மக்கள் மனது ஏற்கெனவே பாதி சாய்ந்திருந்ததை அந்த இருவரும் மோப்பம் பிடித்திருந்தார்கள். மீதிப் பாதியை வளையத்துக்குள் சாய்த்தார்கள்.

விதி எளிமையானது. பின், அதாவது எதிராளியின் தோளைத் தரையில் அழுத்தி மூன்று எண்ணுவது, கிடையாது. எதிராளி தன் வாயால் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும். நடுவர் கென் ஷாம்ராக், அவரே யுஎஃப்சி என்கிற கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியில் நிஜச் சண்டை போட்டு வந்தவர். மணி அடித்த கொஞ்ச நேரத்திலேயே இருவரும் கூட்டத்துக்குள் புகுந்து படிக்கட்டில் உருண்டுகொண்டிருந்தார்கள். திரும்பி வந்ததும் பிரெட் ஆஸ்டினின் காலைக் குறிவைக்கிறார். முழங்காலை அடிக்கிறார், வளையத்தின் தூணைச் சுற்றிக் காலைப் பின்னுகிறார், கணுக்காலை நாற்காலிக்குள் செருகுகிறார். கால்களைப் பின்னி முதுகை வளைக்கிற ஷார்ப்ஷூட்டர் என்கிற தன் பிடிக்கு அடித்தளம் போடுகிறார் என்று பார்த்தால், இன்னொன்றும் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு நொண்டுகிறவனை முறையாக, நிதானமாக வதைப்பவர் நல்லவராகத் தெரிவது கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோகிறது.

அப்புறம் ரத்தம். வெளியே தடுப்பில் மோதியபோது ஆஸ்டினின் நெற்றி கிழிந்ததாக நாம் பார்ப்போம். பிரெட்தான் கீறிவிட்டார் என்பது பின்னாளில் வெளிவந்தது. ரத்தம் காட்டக் கூடாது என்று அப்போது கம்பெனியில் தடை இருந்தது, தெரிந்தேதான் செய்தார்கள்.

கடைசிக் கட்டத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஆஸ்டின் ஒரு மின்கம்பியை எடுத்து பிரெட்டின் கழுத்தை நெரிக்கிறார். பிரெட் கைக்குக் கிடைத்த மணியை எடுத்து ஆஸ்டினின் தலையில் ஒன்று போடுகிறார். விழுந்தவரைப் புரட்டி ஷார்ப்ஷூட்டரை மாட்டுகிறார். இப்போது கேமரா ஆஸ்டினின் முகத்துக்கு வெகு அருகே போகிறது. நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் மூக்கின் இருபுறமும் இறங்கி, கத்துகிற வாயின் பல்லிடுக்கில் நிற்கிறது. ஒரு தடவை இரண்டு கைகளையும் ஊன்றி உடம்பையே தூக்குகிறார். பிரெட் நிலைதடுமாறிச் சாய்கிறார், பிடி விட்டுப்போய்விட்டது என்றே தோன்றும். விடவில்லை. பிரெட் மறுபடி உட்கார்ந்து இறுக்குகிறார். ஷாம்ராக் குனிந்து கேட்கிறார். ஆஸ்டின் ஒப்புக்கொள்ளவில்லை, மயங்கிவிட்டார். மணி அடிக்கிறது.

தோற்றவர் தோற்றேன் என்று சொல்லவே இல்லை. ஜெயித்தவரோ அதோடு நிறுத்தவில்லை, மயங்கிக் கிடப்பவரின் காலை மறுபடி அடிக்கிறார். ஷாம்ராக் அவரை இடுப்போடு தூக்கிப் போடுகிறார். முறைத்துக்கொண்டு நிற்கிற பிரெட், கடைசியில் கைகலக்காமல் இறங்கிப் போகிறார், வழியெல்லாம் கூச்சல். ஆஸ்டின் கண்விழித்து, தூக்கிவிட வந்த நடுவர் ஒருவருக்கே ஸ்டன்னர் என்கிற தன் முத்திரை அடியைப் போட்டுவிட்டு, நொண்டி நொண்டித் தனியாக நடந்து போகிறார். அரங்கம் அவர் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. சுமார் 22 நிமிடத்தில் நல்லவன் கெட்டவனாகவும் கெட்டவன் நல்லவனாகவும் மாறியாகிவிட்டது, ஒரு வசனம்கூட இல்லாமல். இத்தனைக்கும் அன்றைய கடைசி மேட்ச் அதுகூட இல்லை. சிட்டும் அண்டர்டேக்கரும் பட்டத்துக்கு மோதியதுதான் கடைசி. அது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

சரி, உங்கள் 2009க்கு வருகிறேன். ஹூஸ்டன், ரெஸில்மேனியா 25. ஷான் வெள்ளை உடையில் மேலிருந்து இறங்குகிறார், அண்டர்டேக்கர் கீழிருந்து எழுகிறார். அண்டர்டேக்கர் கயிற்றைத் தாண்டி வெளியே பாய்கிறபோது கேமராமேன் வேடத்தில் நின்றவர் சரியாகப் பிடிக்காமல் போக, தலைகீழாகத் தரையில் விழுந்தார். அந்த விழுகைக்கு அப்புறமும் எழுந்து மிச்சத்தை ஆடினார் பாருங்கள், அதற்குத் தனியாக ஒரு கும்பிடு போடலாம். டூம்ஸ்டோன் என்கிற தன் முத்திரை அடியைப் போட்டும் ஷான் எழுந்துவிட்டபோது அண்டர்டேக்கரின் கண் விரிந்த முகம் எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். எனக்கும் பிடித்த மேட்ச்தான். என் புகார் ஒன்றே ஒன்று. இரண்டாம் பாதி முழுக்க, அவரவர் முத்திரை அடியைப் போட்டு, மூன்று எண்ணுவதற்குள் எதிராளி தோளைத் தூக்குவதிலேயே ஓடுகிறது. அங்கே உங்களைப் பதற வைப்பது அந்த இருவரின் இருபது வருடச் சரித்திரம், டேக்கர் ரெஸில்மேனியாவில் அதுவரை தோற்றதே இல்லை என்கிற கணக்கு. அதைத் தெரியாதவருக்கு அது நல்ல மேட்ச், அவ்வளவுதான். கூட்டமும் இருவரையும் நேசித்தபடி வந்து இருவரையும் நேசித்தபடியே போனது. மறுவருடம் ஷானின் தொழில்வாழ்க்கையையே பணயம் வைத்து மோதினார்களே, அதன் கடைசி இரண்டு நிமிடம் எனக்கு 2009ஐ விட உசத்தி. எழுந்து நிற்க முடியாத ஷான், டேக்கர் தயங்குவதைப் பார்த்து, கழுத்தறுக்கிற சைகையை அவருக்கே காட்டி, கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விடுகிறார். சாவைக் கேட்டு வாங்குவது என்பது அது.

நட்சத்திர நண்பருக்கு. மெல்ட்சர் எத்தனையோ வருடமாக ஐந்தை உச்சமாக வைத்து மதிப்பெண் போட்டு வந்தவர். 2017 ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் ஒகாடாவும் ஒமேகாவும் 46 நிமிடத்துக்கு மேல் மோதியதற்கு ஆறு கொடுத்தார். மறுவருடம் ஜூன் 9 அன்று ஒசாகாவில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் நடந்த மேட்சுக்கு ஏழு. ஐந்துக்கு ஏழு மார்க் போடுகிற வாத்தியாரோடு என்ன வாதம் செய்ய? மேட்ச் பிரமாதம், அந்த இருவரின் உடல்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதில் என்னை அசைத்தது ஒகாடா எதிராளியின் மணிக்கட்டை விடாமல் பிடித்து இழுத்து இழுத்து அடிக்கிற அந்த இடங்கள்தான்.

உங்கள் நண்பர் ஜப்பானைத்தான் காட்ட வேண்டும் என்றால் 1994 ஜூன் 3ஐக் காட்டட்டும். நிப்பான் புடோகன் அரங்கம், மிட்சுஹாரு மிசாவாவும் தோஷியாகி கவாடாவும். என் பட்டியலில் ஆஸ்டின் மேட்சுக்குத் தோள் உரசி நிற்பது அது ஒன்றுதான். இருவரும் ஒரே பள்ளியில் மல்யுத்தம் கற்றவர்கள், மிசாவா சீனியர், கவாடா ஜூனியர். ஒரே அணியில் ஆடியவர்கள், பிறகு பிரிந்தவர்கள். பட்டத்துக்காக மோதியபோதெல்லாம் ஜூனியர் தோற்றிருக்கிறார். அன்றைக்கு நாற்காலி இல்லை, குறுக்கே யாரும் வரவில்லை. முழங்கையும் உதையும்தான், முப்பத்தைந்து நிமிடத்துக்கு மேல்.

கவாடா அடி வாங்குவதைக் கவனியுங்கள். உடனே விழமாட்டார். கண் எங்கோ நிலைகுத்தும், ஒரு முழங்கால் மடியும், அதை நிமிர்த்தப் பார்ப்பார், அப்புறம் மற்றொன்று மடியும். உடம்பு தோற்றுவிட்ட செய்தி தலைக்கு இன்னும் போய்ச் சேராதது போல இருக்கும். மிசாவாவின் முகத்தில் ஒன்றும் தெரியாது. கடைசியில் மிசாவா, எதிராளியின் இரு கைகளையும் பின்னால் பூட்டிக் கழுத்து தரையில் படும்படி இறக்குகிற டைகர் டிரைவர் 91ஐப் போடுகிறார். கை பூட்டியிருப்பதால் விழுகிறவர் தன்னைக் காத்துக்கொள்ள வழியில்லை. அவர் மிக அரிதாக எடுத்த ஆயுதம் அது. சீனியரை அந்த எல்லைக்குத் தள்ளியதுதான் அன்று ஜூனியரின் வெற்றி, தோல்விப் பட்டியலில் அது வராது. அதே பட்டத்தை மிசாவாவிடமிருந்து கவாடா வாங்க 1998 மே 1 வரை ஆனது.

டூப்பு என்கிற நண்பரிடம் இதையும் சொல்லுங்கள். 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில் வளையத்துக்குள் ஒரு பேக் சூப்ளெக்ஸ் (பின்னாலிருந்து தூக்கிப் பின்புறமாகப் போடுகிற அடி) வாங்கி விழுந்த மிசாவா எழுந்திருக்கவில்லை. வயது 46. முடிவை மட்டும்தான் பேசி வைத்துக்கொள்ள முடியும். விழுகிற கழுத்து அவரவருடையது. அதனால்தான், ஆறு, ஏழு என்று ஏறிக்கொண்டே போகிற நட்சத்திரங்களைப் பார்த்தால் எனக்கு உற்சாகம் வருவதில்லை. அடுத்த நட்சத்திரத்துக்கு யாரோ இன்னும் கொஞ்சம் கழுத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

உங்கள் மனைவிக்கு இவை எதையும் போடாதீர்கள். ரத்தத்தைப் பார்த்தால் எழுந்து போய்விடுவார், மிசாவாவுக்குப் பொறுமை வேண்டும். 1987 மார்ச் 29, மிச்சிகனில் பாண்டியாக் சில்வர்டோம் அரங்கம், ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் மோதியதைப் போடுங்கள். பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முன்கதையும் ஒரு வரிதான்: சாவேஜ் மணியால் ஸ்டீம்போட்டின் தொண்டையை நசுக்கினார், இவர் திரும்பி வந்திருக்கிறார். சாவேஜ் ஒவ்வொரு அசைவையும் எண் போட்டு எழுதி வைத்து, ஸ்டீம்போட்டை மனப்பாடம் செய்ய வைத்துக் கேள்வி கேட்டே தயார் செய்தாராம். அந்த உழைப்பு எங்கும் துருத்திக்கொண்டு தெரியாது. ஒருவர் ஓடினால் மற்றவர் அங்கே இருக்கிறார், அவ்வளவு சுத்தம். 93,173 பேர் என்று அறிவித்தார்கள், அந்த எண்ணிக்கையைப் பற்றி இன்றும் சண்டை ஓய்ந்தபாடில்லை. அன்று எல்லோரும் வந்தது ஹல்க் ஹோகன் ராட்சத உருவம் கொண்ட ஆண்ட்ரேவைத் தூக்கிப் போடுவதைப் பார்க்க. அதை உங்கள் மனைவி கேட்டால் மட்டும் போடுங்கள், ஆண்ட்ரே நடக்கவே சிரமப்படுவதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

ஒரே ஒரு சிக்கல். ஸ்டீம்போட்டுக்குத் துணையாக முதுகெல்லாம் ரோமமும் பச்சை நாக்குமாக ஜார்ஜ் ஸ்டீல் என்று ஒருவர் வருவார். வளையத்தின் மூலையிலுள்ள மெத்தையைக் கடித்துத் தின்பதுதான் அவர் பிரபலம். கடைசியில் சாவேஜைக் கயிற்றிலிருந்து தள்ளிவிடுவதும் அவர்தான். இந்த ஆள் யார், ஏன் இப்படி என்று உங்கள் மனைவி கட்டாயம் கேட்பார். நிஜத்தில் அவர் அதே மிச்சிகனில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர் என்று சொல்லிப் பாருங்கள், நம்புகிறாரா என்று எனக்கு எழுதுங்கள்.