பதில்: தேங்காய்த் துருவியை முதலில் விற்றுப் பார்க்கலாமா?

வணக்கம் அண்ணா. மோட்டார் வைத்த துருவியை டர்பன் சாட்ஸ்வர்த்தில் உள்ள பங்களாதேஷ் மார்க்கெட்டில் கொஞ்ச நாள் விற்றுப் பார்த்துவிட்டு, போணியானால் காப்புரிமைக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். விண்ணப்பத் தேதிக்கு முன் உலகில் எங்கே வெளியே தெரிந்திருந்தாலும் தென்னாப்பிரிக்காவில் புதுமை போய்விடும்; புதுமை இல்லாவிட்டால் காப்புரிமை நிற்காது. ஃபேஸ்புக்கில் போடும் வீடியோவும் கணக்கில் சேரும்.

முதலில் பிரிட்டோரியாவில் உள்ள சிஐபிசியில் (காப்புரிமைகளைப் பதியும் அரசு ஆணையம்) தற்காலிக விண்ணப்பம், அதாவது உங்கள் முதல் தேதியைப் பிடித்து வைக்கும் விண்ணப்பம், போடுங்கள். இதை நீங்களே போடலாம். ஆனால் விவரிப்பில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். 'கூரான பிளேடு' என்றால் போதாது. மூடியின் வளைவுக்கு ஏற்ப பிளேடு எப்படி விலகிக்கொடுக்கிறது, சிரட்டையைத் தொட்டதும் எது அதைத் தடுக்கிறது, ஸ்பிரிங்குக்குப் பதிலாக வேறென்ன போடலாம், எல்லாம் படத்தோடு வேண்டும். பிறகு சேர்க்கும் புது அம்சத்துக்கு இந்த முதல் தேதி கிடைக்காது.

அப்புறம் 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம். அதற்குக் காப்புரிமை வழக்கறிஞர் கட்டாயம்; காசை இதற்குச் சேர்த்து வையுங்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் துள்ள வேண்டாம். இங்கே படிவங்கள் சரியா என்றுதான் பார்ப்பார்கள், புதுமை உண்டா என்று ஆராய்வதில்லை. யாராவது கோர்ட்டில் எதிர்த்தால்தான் பலம் தெரியும். அதனால் கூகுள் பேட்டன்ட்ஸ் என்ற காப்புரிமைத் தேடல் தளத்தில் பழைய துருவிகளை நீங்களே தேடிப் பார்த்துவிடுங்கள், நிறைய இருக்கும்.

'உலகக் காப்புரிமை' வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொன்னார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒன்று கிடையாது. பிசிடி என்ற பன்னாட்டுக் காப்புரிமை ஒப்பந்தம் வழியாகப் பல நாடுகளுக்கும் ஒரே விண்ணப்பம் போடலாம், சரி; ஆனால் உரிமை தருவது அந்தந்த நாட்டு அல்லது வட்டாரக் காப்புரிமை அலுவலகம்தான். அவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.