விற்ற படம் பெரிய ஓவியருடையதாம்: ஏல நிறுவனத்தின் மேல் வழக்குப் போடலாமா?

கேள்வி (லண்டன் வாசகர்): மாமனார் வீட்டிலிருந்த, சிவப்புச் சாக்கட்டியில் வரைந்த பெண்ணின் உருவப்படத்தை 2016இல் சிறு நகர ஏல நிறுவனம் மூலம் 900 பவுண்டுக்கு விற்றோம். பட்டியலில் ‘இத்தாலியப் பாணி, 19ஆம் நூற்றாண்டு’ என்று போட்டார்கள். மதிப்பிட வந்தவர் ஐந்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை, எங்களை மதிக்கவுமில்லை. ‘நம்ம படம் மாதிரியே இருக்கு மாமா’ என்று 2021இல் அக்கா மகன் ஒரு கேலரியிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். நான் கண்டுகொள்ளவில்லை. இப்போது அதை 17ஆம் நூற்றாண்டின் பெரிய ஓவியர் வரைந்தது என்று பல மடங்கு விலை சொல்கிறார்கள். மனைவி தினமும் அழுகிறார். வழக்குப் போடலாமா?

பதில்: வந்தவர் மதிக்காததும், வாங்கியவர் வாய் திறக்காததும் வழக்குக்கு உதவாது. ஏலத்தில் வாங்குபவர் தன் கணிப்பை விற்பவரிடம் சொல்லக் கடமைப்பட்டவரல்ல. உங்கள் கடிதத்தில் சட்டத்துக்குத் தேவையானது ஒரே வரி: 2021 வாட்ஸ்அப்.

ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போடும் ஆறு ஆண்டு அவகாசம் 2022இலேயே முடிந்தது. கவனக்குறைவு வழக்குக்கு மட்டும், இங்கிலாந்தின் 1980ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 14ஏ பிரிவு, விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு தருகிறது. நீங்கள் முழுதாக நம்பிய நாள் அல்ல அது; விசாரித்திருக்க வேண்டிய நாள். மருமகன் அனுப்பியதில் ஓவியர் பெயர் தெரிகிறதா? தெரிந்தால் 2024இல் கதவு மூடிவிட்டது. வெறும் படம் என்றால் வாதாட ஓரளவு இடமுண்டு.

வழக்குப் போடுபவர்கள் சறுக்குவது இங்கேதான். அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள். ஆவணங்களை எதிர்த்தரப்புக்குக் காட்டும் கட்டத்தில் மருமகன் போனிலிருந்து வெளியே வரும். ‘போன மாதம்தான் தெரிந்தது’ என்று உண்மையென உறுதிசொல்லிக் கையெழுத்திட்டால் நீதிமன்ற அவமதிப்பு. நல்ல வழக்கையே இது கொன்றுவிடும்.

காலவரம்பைத் தாண்டினாலும் மேடுதான். வேட்டை நாய்கள் இருக்கும் இரண்டு ஓவியங்கள் 1985இல் சிறு நகர ஏலத்தில் 840 பவுண்டுக்குப் போய், சில மாதத்தில் 18ஆம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் வரைந்தவை என்று பெரிய ஏல நிறுவனமான சதபீஸில் 88,000 பவுண்டுக்கு விற்றன. ஏலக்காரர் மேல் வழக்குப் போட்ட விற்றவர்கள் மேல்முறையீட்டில் தோற்றார்கள். சிறு நகர ஏலக்காரரிடம் லண்டன் நிபுணரின் கண்ணை எதிர்பார்க்க முடியாது. குடும்ப டாக்டரிடம் இதய நிபுணரின் திறமையை எதிர்பார்ப்பது போலத்தான்.

அமெரிக்காவிலும் இதே கதை. பதப்படுத்திய விலங்குத் தோலில் சாக்கட்டியும் மையும் கொண்டு வரைந்த பெண் உருவம் 1998இல் நியூயார்க்கின் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தில் ‘ஜெர்மன், 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கம்’ என்று 21,850 டாலருக்குப் போனது. லியோனார்டோ டா வின்சி வரைந்தது என்று பிறகு மார்ட்டின் கெம்ப் போன்ற கலை வரலாற்று அறிஞர்கள் சொன்னார்கள். விற்றவர் 2010இல் வழக்குப் போட்டார். காலம் கடந்ததென்று தள்ளுபடி. மேல்முறையீட்டில் பிழைத்தது படத்தைச் சுற்றியிருந்த பழைய மரச்சட்டம் பற்றிய கோரிக்கை மட்டுமே. லியோனார்டோதானா என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. கேலரி சொல்லும் விலை உங்கள் நஷ்டமல்ல. ஓவியர் யாரென்று நிரூபிக்கும் பொறுப்பும் உங்கள் தலையில்தான். தோற்றால் எதிர்த்தரப்பின் வக்கீல் செலவிலும் பெரும்பகுதி உங்களுடையது.

ஆகவே சமரசம் பேசுங்கள். வழக்கறிஞர் மூலம், உரிமைக்குப் பாதகமின்றி (பேரத்தில் சொன்னதைப் பிறகு நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகக் காட்ட முடியாதபடி), ஒரே கடிதம்: ஏல நிறுவனம் வாங்கிய கமிஷனைத் திருப்பித் தரட்டும், மேலே ஒரு நியாயமான தொகையும். கிடைப்பதை வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாக எதுவும் எழுதாமல், 2016 ஒப்பந்தத்தையும் இரண்டு போன்களையும் இந்த வாரமே அவரிடம் கொண்டுபோங்கள்.