படிக்கட்டுக்கு அடியில் ஒரு பாத்ரூம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி: பழைய வீட்டுக்குள் ஒரு சின்னக் குளியலறை. கொல்லைப்புறம் போய்வர முடியாத பெரியவர்கள், இல்லையென்றால் பட்டணத்திலிருந்து வரப்போகிற மருமகள். காரணம் எதுவானாலும் செலவு ஒன்றுதான். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

எங்கள் வீடு 12 அடி அகலம், இரண்டு பக்கமும் பொதுச்சுவர். மாடிப்படிக்கு அடியில் 3 அடிக்கு 5 அடி இடம் இருக்கிறது. வெஸ்டர்ன் டாய்லெட் கோப்பையும் வைத்து, குளிக்கவும் முடியுமா?
— வாசகர், பழையபேட்டை, கிருஷ்ணகிரி

முடியும். ஆனால் தரையை மட்டும் அளந்தால் போதாது, தலைக்கு மேலும் அளக்க வேண்டும். பின்சுவரிலிருந்து கோப்பையின் முன் விளிம்பு வரை சுமார் 27 அங்குலம் போகும். மிச்சம் இருப்பது 33 அங்குலம். கால் வைப்பதும் குளிப்பதும் அதற்குள்தான். படி சரிந்து இறங்குகிற பக்கம் கோப்பையும் ஃபிளஷ் தொட்டியும் வரட்டும், நிமிர்ந்து நிற்கிற பக்கம் குளிக்க இருக்கட்டும். பணம் கட்டுமுன் அந்த இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எழுந்து பாருங்கள். தலை இடித்தால் கோப்பையை முன்னால் தள்ள வேண்டும், குளிக்கிற இடம் சுருங்கும்.

கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், உட்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். அப்புறம், பொதுச்சுவரைக் கொத்திப் பைப் புதைக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பூஜை அறையில் ஈரம் பூத்தால் அந்தச் சண்டையைத் தீர்த்துவைக்க என்னால் ஆகாது.

பாத்ரூம் தரைக்குப் பளபளப்பான டைல்ஸ் போடலாமா? பார்க்க அழகாக இருக்கிறது.
— வாசகி, பாலக்கோடு

எலும்பு டாக்டர் பக்கத்துத் தெருவில் இருந்தால் போடலாம். வழுக்காத மேட் டைல்ஸ் வாங்குங்கள். இல்லையென்றால் கிரானைட் பட்டறையில் பாலிஷ் போடாத, ஃப்ளேம் செய்த (தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய) கல்லைக் கேளுங்கள். நம் பக்கத்தில் கல்லுக்கா பஞ்சம்?

ஆடித் தள்ளுபடியில் பாதி விலைக்கு ஒரு கோப்பை வாங்கினேன். அது எஸ் டிராப், எங்கள் பைப் சுவர் வழியாகப் போகிறது, சேராது என்கிறார் பிளம்பர். கடையில் மாற்ற மாட்டார்களாம். வழக்குப் போடலாமா?
— வாசகர், அரூர்

எதற்கு? கோப்பையில் குறை ஒன்றும் இல்லையே. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுத்தால் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். அளக்காமல் வாங்கியதற்கு நிற்காது. எஸ் டிராப் என்றால் கழிவு தரைக்குள் இறங்கும், பி டிராப் என்றால் பின்சுவர் வழியாகப் போகும். எஸ் டிராப்பிலும் சுவருக்கும் குழியின் நடுவுக்கும் உள்ள தூரம் மாடலுக்கு மாடல் மாறும். அதையும் டைல்ஸ் ஒட்டிய பிறகு இருக்கப்போகிற சுவரிலிருந்து அளக்க வேண்டும். பிளம்பரைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள் என்று எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை.

பெட்டி பிரிக்காமல் இருந்தால் நல்லபடியாகப் பேசிப் பாருங்கள், வித்தியாசப் பணத்தை வாங்கிக்கொண்டு மாற்றித்தரலாம். பிரித்துவிட்டீர்களா? அப்படியானால் பைப்பை மாற்றுங்கள், இல்லை கோப்பையைத் தங்கைக்குச் சீர் கொடுங்கள்.

கணவர் போன பிறகு வந்த பணத்தில், நடக்க முடியாத மாமியாருக்காக வீட்டுக்குள் பாத்ரூம் கட்டினேன். சுவர் டைல்ஸில் பாதி வெளிர் நீலம், மீதி சாம்பல் கலந்த நீலம். ஒட்டி முடித்துக் கதவைத் திறந்து வைத்த பிறகுதான் தெரிந்தது. கடையில் "ஒட்டிட்டா நாங்க பொறுப்பில்லை" என்கிறார்கள். என்னிடம் பில் இல்லை, "எஸ்டிமேட்" என்று எழுதிய சீட்டுதான் இருக்கிறது. ரூ.11,000 போயிற்று, என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.
— வாசகி, காவேரிப்பட்டணம்

அம்மா, முதலில் உங்களையே திட்டிக்கொள்வதை நிறுத்துங்கள். ஒரே பெயர், ஒரே மாடல் டைல்ஸிலும் ஒவ்வொரு முறை சூளையில் வேகும்போது நிறம் கொஞ்சம் மாறும். அதற்காகத்தான் பெட்டியின் மேல் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் போடுகிறார்கள். இரண்டு ஷேடைக் கலந்து ஏற்றி அனுப்பியது கடை. பெட்டி அட்டைகள் மூலையில் கிடந்தால் அடுப்பில் போட்டுவிடாதீர்கள். எண்கள் தெரிகிற மாதிரி படம் எடுங்கள், சுவரையும் பகல் வெளிச்சத்தில் எடுங்கள்.

இப்போது அந்த "எஸ்டிமேட்" சீட்டு. இதைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும், பேசாமல் விட்டாலும் ஏறும். "பில் வேணுமா, வேணாமா? வேணும்னா 18 சதவீதம் சேரும்" என்று கல்லாவில் இருப்பவர் கேட்கிறார், ஏதோ காபிக்குச் சர்க்கரை வேணுமா என்பதுபோல. 11,000 ரூபாய்க்கு 1,980 மிச்சம் என்று நாமும் தலையாட்டுகிறோம். வரி கட்டாமல் தப்புவது அவர். அந்தக் கணமே நம் கையிலிருந்து வாரண்டி, தேதி, பொருளின் பெயர் எல்லாம் போய்விடுகிறது. மிஞ்சுவது பென்சிலில் கிறுக்கிய நாலு எண். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் கொடுக்காமல் இருப்பதே நேர்மையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும் அப்படித்தான். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்திவிட்டால் சட்டம் அழிந்துபோகாது.

நானும் யோக்கியன் இல்லை. வீட்டில் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் தங்க நிறத்தில் ஒரு குழாய் செட் வாங்கினேன், பில் இல்லாமல் எஸ்டிமேட் சீட்டில்தான். எட்டு மாதத்தில் நம் ஊர் உப்புத்தண்ணி அதற்கு வெள்ளையடித்துவிட்டது. பத்து வருட வாரண்டி என்று சொன்ன அதே வாய், "பில் இருக்கா சார்?" என்று கேட்டது.

உங்களுக்கு வழி இருக்கிறது. செல்போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவே சாட்சி. சீட்டையும் பத்திரமாக வையுங்கள். பழைய டைல்ஸைப் பெயர்க்கும் கூலி, புது டைல்ஸ், ஒட்டுக் கூலி மூன்றையும் கணக்குப் போட்டு, 15 நாள் கெடு வைத்துக் கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் புகார் பதியலாம். அதிலும் மசியாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நீங்கள் இந்த மாதமே போடுங்கள்.

இன்ஸ்டன்ட் கீசரைப் பழைய 5 ஆம்பியர் பிளக்கில் மாட்டலாமா?
— வாசகர், ஊத்தங்கரை

கூடாது. 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். மீட்டரிலிருந்து தனி ஒயர், 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த், கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இத்தனையும் போட்ட பிறகு கீசர்.

வீட்டுக்கு வந்த விற்பனையாளர், புது பாத்ரூமுக்கு வாட்டர் சாஃப்ட்னர் வைத்தால் உப்போடு ஃபுளோரைடும் போய்விடும், போர் தண்ணியையே குடிக்கலாம் என்கிறார். முன்பணம் கொடுக்கட்டுமா?
— வாசகி, பென்னாகரம்

முதல் பாதி சரி, இரண்டாவது பாதி பச்சைப் பொய். சாஃப்ட்னர் தண்ணீரிலுள்ள கால்சியம், மக்னீசியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். அதனால் குழாயில் வெள்ளை படியாது, கீசரின் ஹீட்டிங் காயிலும் கொஞ்ச நாள் கூட உழைக்கும். ஃபுளோரைடை அது தொடவே தொடாது. அதற்கு ஆர்.ஓ. வேண்டும், இல்லை ஆக்டிவேட்டட் அலுமினா வடிகட்டி வேண்டும். நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் ஃபுளோரைடால் பல்லில் கறையும் எலும்பில் வளைவுமாக ஜனங்கள் பட்ட பாட்டுக்குத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. குடிக்க, சமைக்க அந்தத் தண்ணீர், குளிக்க போர் தண்ணீர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் போர் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5ஐத் தாண்டவே கூடாது. அந்த ஆளுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

தாத்தா கட்டிய வீடு, தேக்கு உத்திரம் போட்ட மெட்ராஸ் டெரஸ். மாடியில் ஒரு பாத்ரூம் கட்ட ஆசை. வாட்டர் ப்ரூஃப் அடித்தால் போதும் என்கிறார் கொத்தனார்.
— வாசகர், குமாரசாமிப்பேட்டை, தர்மபுரி

கொத்தனார் கீழே படுத்துத் தூங்கப்போவதில்லை. உத்திரத்தின் மேல் செங்கல்லை நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டிய தளம் அது. பைப்பை மறைக்கத் தரையை உயர்த்தி உடைகல் நிரப்பினால் பாரம் ஏறும். கசிந்தால், சுவருக்குள் செருகியிருக்கும் உத்திரத்தின் முனை இற்றுப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரிடம் காட்டாமல் ஒரு செங்கல் ஏற்றாதீர்கள். கீழேயே இடம் தேடுவது உத்தமம்.

ரெயின் ஷவர் எப்படி?
— வாசகர், ஓசூர்

டேங்க் ஷவருக்கு மேலே ஏழு அடி உயரத்தில் இருந்தால் பிரஷர் சதுர சென்டிமீட்டருக்கு 0.2 கிலோதான் வரும், மழை மாதிரி கொட்டாது. என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. ஈரத்துண்டு மாட்டுகிறோம்.

4 அடிக்கு 6 அடி பாத்ரூம், சுவரில் 7 அடி உயரம் டைல்ஸ். எத்தனை வாங்க வேண்டும்?
— வாசகி, காரிமங்கலம்

அப்பாடா, வாங்குமுன் கேட்கிற ஒருவர். நாலு சுவரும் சேர்ந்து 20 அடி, உயரம் 7, ஆக 140 சதுர அடி. கதவு இரண்டரைக்கு 7 என்றால் பதினேழரையைக் கழியுங்கள், 122.5. இரண்டுக்கு ஒன்று டைல்ஸ் என்றால் 62, உடைசலுக்குப் பத்து சதவீதம் சேர்த்து 68. தரைக்கு ஓரடி டைல்ஸ் 27. எல்லாப் பெட்டியிலும் ஷேடு எண் ஒன்றா என்று வண்டியில் ஏற்றுமுன் பாருங்கள், பில் வாங்குங்கள். மிச்சமாகும் நாலைந்து டைல்ஸை லாஃப்டில் போட்டு வையுங்கள். பைப் கசிந்து சுவரை உடைக்கிற நாளில் அந்த ஷேடு கடையில் இருக்காது.