சம்பளம் 10-ம் தேதி, கிரெடிட் கார்டு டியூ டேட் 5-ம் தேதி: தேதியை மாற்ற முடியுமா?

கேள்வி: கருங்கல் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 10-ம் தேதிதான் வரும். கார்டுக்கு டியூ டேட் 5-ம் தேதி. மாதாமாதம் லேட் ஃபீ விழுகிறது. தேதியை மாற்ற முடியுமா? பிடித்த பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்:

தேதியைக் கண்டிப்பாக மாற்றலாம். அது வங்கி மனது வைத்துச் செய்கிற உதவி இல்லை, உங்களுக்கு உள்ள உரிமை. கிரெடிட் கார்டுகளுக்காக ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த விதிகளிலேயே பில்லிங் சைக்கிளை, அதாவது ஒரு பில்லிலிருந்து அடுத்த பில் வரை ஓடுகிற மாதக் கணக்கை, ஒரு முறை மாற்றிக்கொள்ள இடம் இருந்தது. 2024 மார்ச்சில் அதைத் திருத்தி, குறைந்தது ஒரு முறையாவது மாற்ற வாய்ப்பு தரவேண்டும், ஹெல்ப்லைன், மின்னஞ்சல், நெட் பேங்கிங், மொபைல் ஆப் போன்ற வழிகளில் அதைச் செய்ய முடியவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு முறைக்கு மேல் மாற்றித் தருவது அந்தந்த வங்கியின் விருப்பம். அதனால் எந்தத் தேதி வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

நான் தக்கலையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். வேலைக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் நிறைய. என் தங்கச்சி நாகர்கோவிலில் நர்ஸ், அவளுக்கும் இதே கதைதான். அவள் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். "டியூ டேட்டை மாற்றித் தாருங்கள்" என்றாள். "அதெல்லாம் மாற்ற முடியாது மேடம், வேண்டுமானால் பில்லை இஎம்ஐ ஆக்கித் தருகிறோம்" என்று பதில் வந்தது. "எனக்கு பில்லிங் சைக்கிளை மாற்றணும், அதற்கு ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது" என்று அவள் சொன்ன பிறகுதான் அந்தப் பெண் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, எந்தத் தேதி வேண்டும் என்று கேட்டார். நீங்களும் பில்லிங் சைக்கிள் என்றே கேளுங்கள். வங்கி மாற்றுவது ஸ்டேட்மென்ட் போடுகிற தேதியை. டியூ டேட் அதன் பின்னாலேயே நகரும். போனில் இஎம்ஐ பேச்சு வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதற்குத் தனி வட்டி உண்டு.

சரி, எந்தத் தேதி? உங்கள் ஸ்டேட்மென்டில் பில் போட்ட தேதிக்கும் டியூ டேட்டுக்கும் எத்தனை நாள் என்று எண்ணுங்கள். 18 நாள் என்று வைத்துக்கொள்வோம். 28-ம் தேதி ஸ்டேட்மென்ட் வருகிற மாதிரி மாற்றினால் டியூ டேட் 15 அல்லது 16-ல் விழும், பிப்ரவரி பில்லுக்கு மட்டும் மார்ச் 17 அல்லது 18 ஆகும். 10-ம் தேதி சம்பளக்காரருக்கு இது போதும். 11, 12 என்று ஒட்டி வைக்காதீர்கள். பள்ளியில் சம்பளம் இரண்டு நாள் தள்ளிப்போவது நம் பக்கம் புதிதில்லை. ஆப் வழியாகக் கட்டுகிற பணம் கார்டில் வரவாவதற்கும் சில நேரம் ஒன்றிரண்டு நாள் பிடிக்கும்.

மாற்றுகிற மாதத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். ஏற்கெனவே வந்துவிட்ட பில்லின் டியூ டேட் நகராது, அதைப் பழைய தேதியிலேயே கட்டவேண்டும். அடுத்த பில் வழக்கத்தைவிட நீளமாகவோ, பத்துப் பதினைந்து நாளுக்கான குட்டி பில்லாகவோ வரும். நீளமான பில்லில் தொகையும் கூடுதலாக இருக்கும், பயப்பட வேண்டாம். ஆட்டோ டெபிட் போட்டிருந்தால், அது புதிய தேதிக்கு மாறிவிட்டதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இப்போது லேட் ஃபீ. உங்கள் விஷயத்தில் மனதுக்குக் கஷ்டமான ஒரு கணக்கு இருக்கிறது. டியூ டேட் தாண்டி மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் லேட் ஃபீ போடலாம், நம் கடன் வரலாற்றைப் பதிவு செய்கிற சிபில் மாதிரியான நிறுவனங்களுக்குத் தெரிவிப்பதும் அதற்குப் பிறகுதான். 5-ம் தேதி டியூ என்றால் 8 வரை கட்டிவிட்டால் லேட் ஃபீ கிடையாது. உங்களுக்கோ 10-ல்தான் சம்பளம். வெறும் இரண்டு நாளில் மாதாமாதம் மாட்டிக்கொள்கிறீர்கள். இன்னொன்று, மூன்று நாள் தாண்டிவிட்டால் தாமதத்தை டியூ டேட்டிலிருந்தே எண்ணுவார்கள். முழுத் தொகை கட்டாதபோது ஓடுகிற வட்டியை இந்த மூன்று நாள் சலுகை நிறுத்தாது.

மினிமம் டியூவை, அதாவது அந்த பில்லுக்குக் குறைந்தபட்சம் கட்டவேண்டிய தொகையை, உரிய தேதிக்குள் கட்டினாலே லேட் ஃபீ விழாது. பெரும்பாலும் அது பில்லில் 5 சதவீதம் அளவில் இருக்கும். 12,000 ரூபாய் பில்லுக்கு 600. ஆனால் இதை வழக்கமாக வைத்துக்கொண்டால் குடும்பக் கணக்கையே தின்றுவிடும். மாதம் 3.5 சதவீதம் வட்டி என்றால் 12,000-க்கு ஒரு மாதத்தில் 420 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 495-க்கு மேல். அந்த வட்டி பொருள் வாங்கிய நாளிலிருந்தே ஓடும், புதிதாக வாங்குகிறவற்றுக்கும் வட்டியில்லாத நாட்கள் போய்விடும். லேட் ஃபீக்கும் இதே ஜிஎஸ்டி உண்டு: ஸ்டேட்மென்டில் 500 என்று ஒரு வரி, கீழே 90 என்று இன்னொரு வரி, ஆக 590.

பாதிப் பணம் கட்டியிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். லேட் ஃபீயை மீதி நிற்கிற தொகைக்குத்தான் கணக்கிடவேண்டும், மொத்த பில்லுக்கு இல்லை. இதுவும் 2024 திருத்தத்தில் தெளிவாக இருக்கிறது. வங்கியின் கட்டண அட்டவணையை எடுத்து உங்கள் மீதித் தொகை எந்தப் படியில் வருகிறது என்று ஒத்துப்பாருங்கள்.

குளச்சல், தேங்காய்பட்டணம் பக்கம் விசைப்படகில் போகிறவர்களும் என்னிடம் இதே கேள்வியைக் கேட்பதுண்டு. அவர்களுக்குத் தேதி மாற்றுவதால் பெரிய பயன் இல்லை. மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இரண்டு மாதம் வருமானமே இல்லாதபோது எந்தத் தேதியில் டியூ வைத்தாலும் இடிக்கும். மழையில் பால்வெட்டு நிற்கிற ரப்பர் தொழிலாளிக்கும் அப்படியே. தடைக்காலம் தொடங்கும் முன்பே பாக்கியை முழுதும் தீர்த்துவிட்டு, அந்த மாதங்களில் கார்டைத் தொடாமல் இருங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்வேன்.

பிடித்த பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூன்று நாளுக்குள் கட்டியும் லேட் ஃபீ போட்டிருந்தால், அல்லது மொத்த பில்லுக்குக் கணக்கிட்டிருந்தால், அது தவறு, திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. உண்மையிலேயே தாமதமாகக் கட்டியதற்குப் பிடித்த பணத்தை உரிமையாகக் கேட்க முடியாது. ஆனாலும் கேளுங்கள். சம்பளத் தேதி காரணமாக இப்படி ஆகிறது, பில்லிங் சைக்கிளையும் மாற்றுகிறேன் என்று சொன்னால் கடைசியாகப் போட்டதையாவது தள்ளுபடி செய்வதுண்டு. தங்கச்சிக்கு ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார்கள், பழையதற்கு முடியாது என்றுவிட்டார்கள்.

போன் எண்ணை கார்டின் பின்பக்கத்திலிருந்தே எடுங்கள். கூகுளில் தேடினால் போலி கஸ்டமர் கேர் எண்கள் வரும். அங்கே பேசி ஓடிபி சொல்லிப் பணத்தை இழந்தவர்கள் நம் மாவட்டத்திலும் இருக்கிறார்கள். பாக்கி நிற்கும்போது பல வங்கிகள் சைக்கிளை மாற்றித் தராது. அதனால் இந்த மாதம் 5-ம் தேதிக்குள் மினிமமாவது கட்டி, 10-ல் சம்பளம் வந்ததும் மீதியைத் தீர்த்துவிட்டு, அதே வாரம் அடுத்த ஸ்டேட்மென்ட் வருவதற்கு முன்பே போன் போடுங்கள்.